பல்லைக் காட்டாத பருவம்

கூதிர் கழிந்து முன்பனி இறங்கும் நவம்பர், வட விஸ்கான்சினில் ஒரு நோன்பைப் போல வந்து அமரும். மேப்பிள் மரங்கள் தம் பொன்னையெல்லாம் மண்ணுக்கு ஈந்துவிட்டுத் துறவியர் போல வெறுங்கிளையோடு நிற்கும். ஏரியின் ஓரங்களில் மெல்லிய பனித்தகடு படரும். புள்ளினம் நீங்கிய வானம் தாழ்ந்து வந்து, காட்டின் தோளில் கைவைத்து, எதையோ சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் நிற்கும். அந்த மௌனத்தில்தான் மான் வேட்டைப் பருவம் பிறக்கிறது.

அப்படிப்பட்ட ஒரு மாலையில், வெர்லின் டோலெஃப்சன் தம் வீட்டு நிலவறையில் ஒளிர்ந்துகொண்டிருந்தார்.

"ஆடாம நில்லு மாப்ளே," என்றார் டுவேன். வெர்லினின் மனைவி மார்லிஸின் அண்ணன் அவர். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, கையிலிருந்த புற ஊதா விளக்கை வெர்லின்மேல் பிடித்திருந்தார். இருளில் வேட்டைச் சட்டையும் கால்சட்டையும் தொப்பியும் நீலவெண்மையாகத் தகதகத்தன. உள்ளே ஆளில்லாமல் ஆடை மட்டும் எழுந்து நிற்பது போலிருந்தது. படியிறங்கிய மார்லிஸ் துணிக்கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"துணி வெளுப்பாத் தெரியணும்னு சோப்புத்தூள்ல என்னமோ கலக்கிறாங்க. அதான் மின்னுது. நம்ம கண்ணுக்குத் தெரியாது, மானுக்குத் தெரியும். பொழுது விடியறப்போ நீ பரண்மேல கிறிஸ்துமஸ் மரமா நிக்கிற!"

"எந்த மான் இந்த லைட்டைப் புடிச்சுக்கிட்டுக் காட்டுல அலையுது?" என்றாள் மார்லிஸ்.

"அதுங்க கண்ணே அப்படி. படிச்சவங்க சொல்றாங்க."

"படிச்சவங்க எத்தனை மான் அடிச்சாங்களாம்?"

வெர்லினுக்குச் சிரிப்பு வரவில்லை. வேட்டைக் குடிலில் ஒரு வழக்கம் உண்டு. குறி தவறியவனின் சட்டைப் பின்தொங்கலை, 'சட்டை வாலை', கத்தரித்துச் சுவரில் ஆணியடித்துவிடுவார்கள். சுவரெங்கும் அத்தகைய துண்டுகள். வெர்லினின் துண்டு மட்டும் இல்லை. தவறவிடுவதற்காவது ஒரு மான் வரவேண்டுமே! ஓடையோரம் அவர் தந்தை தம் கையால் அடித்து எழுப்பிய பரண் அது. பல பருவங்களாக அதன் பக்கம் ஒரு குளம்பும் பதியவில்லை. அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்று குடிலின் மற்ற இரு பங்காளிகளும் சென்ற பருவமே பேசியபோது, டுவேன் ஒருவர்தான் குறுக்கே விழுந்தார். "பாவம், இன்னும் ஒரு தடவை உட்காரட்டும்" என்று மன்றாடினார். அப்போது வெர்லினுக்குக் கண் கலங்கியது. இப்போது இந்த விளக்கையும் வாங்கி வந்திருக்கிறார்!

டுவேன் தந்த தனிச் சோப்பில் துணிகளைப் போட்டார்கள். இயந்திரத்தின் உட்சுவரில் பழைய தூள் ஒட்டியிருந்தது போலும். முன்னினும் பிரகாசமாக வெளிவந்தன. உடன் போட்ட உள்ளாடைகளும் இப்போது சுடர்விட்டன.

அடுத்து, தொட்டியில் வினிகர் ஊற்றி வெர்லினே கையால் கசக்கினார். தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடும் அவருக்குப் புயமும் வலிமையானது.

"துணி துவைக்கக்கூட சர்ச்சுக் கச்சேரியா?" என்றாள் மார்லிஸ்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல, கசக்குங்க."

ஒளி மங்கிற்று. ஆனால் துணி ஊறுகாய்ப் பீப்பாய் போல நாறிற்று. நாற்றம் போகத் தேவதாருப் புகையில் தொங்கவிட்டார். கால்சட்டையில் ஒரு பொறி விழுந்து, உட்காரும் இடத்தில் ஓட்டையாயிற்று. மார்லிஸ் வெள்ளை நூலால் தைத்துக் கொடுத்தாள். விளக்கைப் பிடித்தால் பின்புறத்தில் அந்தத் தையல் மட்டும் மின்னல் கீற்றாக ஒளிர்ந்தது. அதைக் கரி பூசி அணைத்தார்.

கடைசிச் சோதனையில் ஆடை இருளோடு இருளாக அடங்கியது. மகிழ்ச்சியில் வெர்லின் புன்னகைத்தார். வெற்றிருளில் ஒரு வரிசைப் பற்கள் மட்டும் பச்சைவெண்மையாய் மிதந்தன.

மார்லிஸ் அலறினாள். டுவேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப நாள் முழுக்க வாயைத் திறக்காதே மாப்ளே!"

அவர் விளையாட்டாகச் சொன்னார். வெர்லின் அதை வேதவாக்காக ஏற்றார்.

பருவத்தின் முதல் நாள். விடியுமுன் பரண் ஏறி, கம்பளித்துண்டை மூக்குவரை சுற்றி, உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். கிழக்கு வெளுத்தது. காடு வேறு யாருடைய காடோ போலிருந்தது. இத்தனை பருவம் வந்தும் இவ்வளவு அமைதியை அவர் இங்கே கேட்டதில்லை. உறைபனி உடையும் ஓசைகூடக் காதில் விழுந்தது.

ஓடையின் அக்கரையில் முதியவர் ஆவ்னே அம்மையாரின் வீடு. எலும்பை உறைய வைக்கும் அந்தக் குளிரில் அதன் சன்னல் ஒன்று விரியத் திறந்திருந்தது. அதில் வெளிறிய முகமொன்று அசையாமல் பரணை நோக்கியிருந்தது.

வெர்லின் பார்வையைத் திருப்பினார். கீழே ஒரு பிணைமான் நின்றது.

அது வந்த ஓசையே இல்லை. அதன் பின்னால் கன்று. அதன் பின்னால், கிளைத்த கொம்புகளோடு ஒரு கலைமான். அவை ஓடவில்லை. பரணின் காலடிக்கே வந்து தலை நிமிர்த்தின. ஈரமான கரிய விழிகள் அவர்மீது பட்டு, ஒன்றையும் காணாதவை போல விலகின. கலைமான் ஏணியில் மூக்கைத் தேய்த்தது. அதன் மூச்சு ஆவியாக எழுந்து அவர் காலணியைத் தொட்டது.

துப்பாக்கி மடியில் கிடந்தது. கை எழவில்லை. ஓர் எண்ணம் பனிநீர் போல முதுகில் இறங்கியது. இருட்டில் ஏறும்போது கால் இடறியதே, பிடித்துக்கொண்டேனா? அல்லது விழுந்தவன் கீழே கிடக்க, இங்கே உட்கார்ந்திருப்பது வேறெதுவோவா? கீழே குனிந்து பார்க்க அவருக்குத் துணிவில்லை.

திடீரென மான்கள் கரைந்தன. புதரை விலக்கிக்கொண்டு டுவேன் வந்தார். ஓடையின் கீழ்க்கோடியில் தம் இடத்தில் இருக்க வேண்டியவர்! பரணுக்குச் சற்றுத் தள்ளி முதுகைக் காட்டி நின்று, தொப்பியைக் கழற்றி, காதுக்குப் பின்னால் கைவைத்து நெடுநேரம் எதையோ கேட்டார். வாயைத் திறக்க முடியாத வெர்லின் இரு கையையும் வீசினார். டுவேன் நிமிரவில்லை. சாவு வீட்டிலிருந்து திரும்புபவர் போலத் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

பொழுது சாய்ந்ததும் வெர்லின் குடிலுக்குள் நுழைந்தார்.

"மச்சான், நான் உசிரோட இருக்கேனா?"

"எனக்கு இன்னைக்கு ஒரு மான் வாலைக்கூடக் காணோம். உனக்கு இதுதான் கவலையா?" என்று சீறினார் டுவேன். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏன், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

வெர்லின் நடந்ததைச் சொன்னார். பங்காளிகள் சீட்டாட்டத்தை நிறுத்தினார்கள்.

"ஏணியை மூக்கால தேய்ச்சுது, நீ சுடல?"

"செத்தவன் சுட்டா வெடிக்குமான்னு சந்தேகமாப் போச்சு."

கத்தரிக்கோல் வந்தது. ஆனால் வெர்லின் தாமே சட்டை வாலை இழுத்துக் கொடுத்தார். அத்துண்டு சுவரில் ஏறியபோது அவர் முகத்தில் மணமகனின் பெருமிதம் இருந்தது.

கதவு தட்டப்பட்டது. கோலூன்றி, துணியில் பொதிந்த லெஃப்சா ரொட்டியோடு ஆவ்னே அம்மையார் நின்றிருந்தார்.

"வெர்லின் தம்பி இருக்கானா?" கண் சரியாகத் தெரியாதவர், தடவிவந்து அவர் கன்னத்தைத் தொட்டார். "அப்பாடா! நீ செத்துப் போயிட்டியோன்னு நெனைச்சேன்ப்பா. நாள் முழுக்கச் சன்னலைத் திறந்து வெச்சு விறைச்சுப் போனேன். ஒரு பாட்டும் வரலையே!"

"எந்தப் பாட்டும்மா?"

"எந்தப் பாட்டா? வருஷா வருஷம் விடிஞ்சதுல இருந்து பொழுது சாயற வரைக்கும் பரண்மேல உட்கார்ந்து ஞானப்பாட்டுப் பாடறியே! கண்ணு போய்க் காரோட்ட முடியாமப் போனதுல இருந்து எனக்கு அதுதானே சர்ச்சு."

வெர்லின், தமக்கே தெரியாமல் பாடிவந்த வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இவருக்குத் தெரியுமே," என்று டுவேன் இருந்த திசையில் கோலை நீட்டினார் அம்மையார். "'உன் பாட்டு அருமைன்னு அவன்கிட்ட சொல்லட்டுமா'ன்னு எப்பவோ கேட்டேன். 'சொல்லிராதீங்க, நிறுத்திருவான், அவன் பாடினாத்தான் மானெல்லாம் என் பக்கம் ஓடி வருது'ன்னாரே!"

எல்லோரும் சுவரை நோக்கினார்கள். அங்கே டுவேன் அடித்த மான்களின் கொம்புகள் வரிசையாய் மாட்டியிருந்தன. அதற்குமேல் பரணை யாரும் கேட்கவில்லை. டுவேன் உட்கார்ந்துவந்த ஓடையின் கீழ்க்கோடிக்குப் பங்காளிகள் இருவரும் சீட்டுக் குலுக்கினார்கள். டுவேனின் பெயரை அதில் போடவில்லை.

மறுநாள் ஞாயிறு. வெர்லின் தோட்டாக்களைக் குடிலிலேயே வைத்துவிட்டுப் பரண் ஏறினார். கம்பளித்துண்டை அவிழ்த்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அக்கரைச் சன்னல் திறக்கும்வரை காத்திருந்து, பற்கள் எல்லாம் தெரிய வாய் திறந்து, அடிக்குரலில் முதல் அடியை எடுத்தார். ஓடையோரம் மான்கள் எழுந்து, அவசரமின்றிக் கீழ்நோக்கி நடந்தன.

பாட்டு முடிந்ததும் அக்கரையிலிருந்து மெலிந்த குரல் வந்தது.

"உன் தொண்டையைக் குளிர் தொடாம இருக்கட்டும் தம்பி! உன் வீட்டுக் கணப்பு என்னைக்கும் அணையாம இருக்கட்டும்!"