சுருளிக்கு ஒரு பகையாளி

சுருளிக்கு அவசரமாக ஒரு பகையாளி தேவைப்பட்டான். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தாக வேண்டும். அன்றைக்குப் புதன்கிழமை.

வெற்றிலைக் கொடியை அகத்தி மரத்தோடு கோரையால் கட்டிக்கொண்டே யோசித்தான். சோழவந்தானில் தனக்கு ஆகாதவர் யார்? ஒவ்வொரு முகமாக வந்தது. கூடவே அந்த முகம் எப்போதோ சிரித்த சிரிப்பும் வந்து தொலைத்தது. வெற்றிலைத் தோட்டமான அந்தக் கொடிக்காலுக்குள் வெயில் பச்சை நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அகத்திப்பூ ஒன்று சுற்றிச் சுற்றி வந்து அவன் தோளில் விழுந்தது. அதைப் பார்த்தபடி நின்றவன் எதை யோசிக்க ஆரம்பித்தோம் என்பதையே மறந்துவிட்டான். இந்த ஆளிடம் இதுதான் தொல்லை.

விஷயம் இதுதான். அவன் மனைவி முத்துத்தாய் போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். சுருளிக்கும் ஆசைதான். ஆனால் போதகர் மாசிலாமணி ஐயா லேசில் விடுகிற மனிதரல்ல. "மனப்பாடம் ஒப்பிக்கிறதுக்குக் கிளி போதும். எனக்கு நடக்கைதான் வேணும்" என்பார். சபையில் சேர வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு மாதத் தவணையில் ஒரு வேலை கொடுப்பார். ஒருவனுக்குப் பொய் சொல்லக் கூடாது. இன்னொருவனுக்குக் கள்ளுக்கடைப் பக்கம் போகக் கூடாது. சுருளி இரண்டும் செய்யாதவன். எனவே அவனுக்கு மட்டும் பெரிய பாரமாகத் தூக்கி வைத்தார்.

"உன் பகையாளி ஒருத்தன்கிட்ட அன்பா நடந்துக்கணும். அவனே கோவிலுக்கு வந்து, தன் வாயால அதைச் சாட்சி சொல்லணும்."

"எனக்குப் பகையாளி இல்லைங்களே ஐயா."

"பகையாளி இல்லாத மனுஷன் பூமியில உண்டா? நல்லாத் தேடு."

தேடித் தேடி மூன்றரை வாரம் ஓடிவிட்டது. கடைசியில் பக்கத்துக் கொடிக்கால் பேயாண்டியிடம் யோசனை கேட்பது என்று முடிவு செய்தான். பதினோரு வருஷமாக அடுத்தடுத்த கொடிக்கால். தன் கஷ்டத்தைச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? போகிற வழியில் வாய்க்கால் மடை மறுபடி உடைந்து கிடந்தது. இந்த எலிகளோடு பெரிய ரோதனையாப் போச்சு என்று மண்ணை அள்ளி அடைத்துவிட்டுப் போனான்.

"அண்ணே, சாப்பிட்டீகளா?"

பேயாண்டி நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது வயது, அடர்ந்த மீசை. பதில் சொல்லும் வழக்கம் அவருக்கு அவ்வளவாகக் கிடையாது.

"அண்ணே, இந்த ஊருல எனக்குப் பகையாளின்னு யாராச்சும் இருக்காகளா?"

பேயாண்டிக்கு வெற்றிலைச்சாறு புரையேறியது. சுருளி ஓடிப்போய் முதுகைத் தடவிக் கொடுத்தான். "மெதுவாண்ணே, மெதுவா."

"உனக்கு... ஒருத்தர்கூடவா தோணல?"

"இல்லண்ணே. நானும் எம்புட்டோ யோசிச்சுப் பாத்துட்டேன். ஞாயித்துக்கிழமை கோவில்ல சாட்சி சொல்ல ஒரு பகையாளியக் கூட்டியாரச் சொல்லியிருக்காரு போதகர் ஐயா."

பேயாண்டி அவனை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மீசையைத் தடவினார்.

"இல்லாட்டி உண்டாக்கிக்கிற வேண்டியதுதான். நூருல் அமீன் கொடிக்கால் இருக்குல்ல? செருப்புப் போட்டுக்கிட்டு உள்ள நடந்து போ. அப்புறம் பாரு."

சுருளி ஓரடி பின்வாங்கினான். கோவில்போல மதிக்கிற கொடிக்காலுக்குள் செருப்புக்காலோடு போவதா! இந்துவோ, முஸ்லிமோ, கிறிஸ்தவனோ, வெற்றிலை பயிரிடுகிறவன் எவனும் அதைப் பொறுக்க மாட்டான். வெட்டுக்குத்தே நடந்திருக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வருகிறதே!

வியாழக்கிழமை காலை அமீன் பாயின் கொடிக்கால் வாசலுக்குப் போய் நின்றான். அப்போதுதான் தனக்குச் செருப்பே கிடையாது என்பது ஞாபகம் வந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. அமீன் பாய் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போன செருப்பு. சுருளி கர்த்தரை நினைத்துக்கொண்டு அதையே மாட்டிக்கொண்டான்.

உள்ளே ஒரே குளிர்ச்சி. கொடிகளுக்கு நடுவே புகைபோல மூட்டம் நின்றது. தலைக்கு மேலே இலைகள் ஒன்றோடொன்று உரசின. கனவில் நடப்பதுபோல நடந்துகொண்டிருந்தவனின் கண்ணில் வாடிப்போன ஒரு கொடி பட்டது. குனிந்து அடித்தண்டைக் கிள்ளினான். கறுத்துப்போயிருந்தது.

"யார்ரா அவன் செருப்போட!" என்று அமீன் பாய் மண்வெட்டியோடு ஓடி வந்தார்.

"நான்தான் பாய்! இங்க வாங்க சீக்கிரம். கொடி அழுகுது. பக்கத்துக்கும் பரவியிருக்கு பாருங்க!"

அமீன் பாய் பார்த்தார். மண்வெட்டி கையிலிருந்து நழுவியது. இருவருமாகச் சேர்ந்து மத்தியானம் வரை அழுகிய கொடிகளைத் தோண்டி எடுத்து வெளியே போட்டுக் கொளுத்தினார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கொடிக்கால் மொத்தமும் போயிருக்கும்.

"செருப்பு..." என்று சுருளி தயங்கியபடி ஞாபகப்படுத்தினான்.

"பதட்டத்துல என் செருப்பையே மாட்டிக்கிட்டு ஓடியாந்துட்டியே மாப்ள! அல்லாதான் உன்னைய அனுப்பியிருக்கான்." அமீன் பாய் அவனைக் கட்டிக்கொண்டார். அன்று சாயங்காலமே அவர் மனைவி நஜ்முன்னிசா கையால் சமைத்த நெய்ச்சோறு ஒரு சட்டி நிறைய வீடு வந்து சேர்ந்தது.

சுருளி அதில் பாதியை இலையில் கட்டிக்கொண்டு பேயாண்டி வீட்டுக்குப் போனான்.

"அண்ணே, சாப்பிட்டீகளா?"

"என்னடா ஆச்சு? அடிச்சானா?"

"இல்லண்ணே. நெய்ச்சோறு குடுத்தாக."

பேயாண்டி பொட்டலத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். நெய் வாசனை தெருவையே தூக்கியது. அதை மறுக்க மனசு வராமல் வாங்கித் தின்றார். தின்று முடித்ததும் முன்னைவிடக் கடுகடுவென்று ஆகிவிட்டார்.

"அந்தத் துலுக்கன் நல்லவன், அதான் தப்பிச்சுட்ட. ஒச்சாயிகிட்டப் போ. அவ கோழிய, களவாணிக் கோழின்னு சொல்லு. உன்னைய உரிச்சு உப்புக்கண்டம் போட்ருவா."

ஒச்சாயி தெருக்கோடியில் தனியாக இருக்கிற பெண்பிள்ளை. அவள் குளிக்க இறங்கினால் வைகையில் மற்றவர்கள் கரையேறிவிடுவார்கள். அவ்வளவு வாய். கோழியை மட்டும் பெற்ற மகளைப்போல வளர்த்து வந்தாள்.

வெள்ளிக்கிழமை சுருளி அவள் வாசலில் நின்று, வழியெல்லாம் உருப்போட்ட வசனத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

"ஒச்சாயி! உன் கோழி களவாணிக் கோழி!"

சத்தமே இல்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். ஒச்சாயியின் உதடு துடித்துக்கொண்டிருந்தது.

"அது செத்து மூணு நாளாச்சு தம்பி" என்றாள். "கீரி புடிச்சிருச்சு. இந்தத் தெருவுல இம்புட்டுச் சனம் இருக்கு. 'எங்க ஒச்சாயி, உன் கோழியக் காணோம்'னு ஒரு நாதி கேக்கல. எல்லாருக்கும் என் வாயக் கண்டு பயம். நீயாச்சும் திட்டுறதுக்காவது ஞாபகம் வச்சு வந்தியே!"

அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சுருளிக்குத் தாங்கவில்லை, அவனும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். பிறகு வீட்டுக்கு ஓடி, தன்னிடம் இருந்த இரண்டு கோழிகளில் நன்றாக முட்டையிடுகிற கோழியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான். சனிக்கிழமை விடிந்ததிலிருந்து ஒச்சாயி அந்த வாயை முழுக்க அவன் புகழ் பாடுவதற்கே உபயோகித்தாள். அதுவரை பேசிப் பழகாதவர்கள்கூட சுருளியைக் கண்டால் நின்று நலம் விசாரித்தார்கள். காரியம் சுத்தமாகக் கெட்டுப்போயிற்று.

அவன் இதைச் சொல்லப் போனபோது பேயாண்டி எழுந்து நின்றுவிட்டார்.

"இனி என்கிட்ட யோசனை கேட்டு வராத!"

"சரிண்ணே. உங்களுக்கும் எம்புட்டோ சிரமம் குடுத்துட்டேன். ஒரு கவலையோட இருந்தேன், நீங்கதான் கூட நின்னீக."

பேயாண்டி கதவைப் படாரென்று சாத்திக்கொண்டார். அண்ணனுக்கு என்னைவிட வருத்தம் போலிருக்கிறது என்று சுருளி நெகிழ்ந்துபோனான்.

வீட்டில் முத்துத்தாய் வெள்ளைப் புடவையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். அவனுக்கும் ஒரு வெள்ளை வேட்டி பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

"கெடச்சாரா?"

இல்லையென்று அவன் தலையை ஆட்டினான்.

"ஏங்க, நான் உள்ள திருவிருந்து எடுக்கப் போறப்ப, நீங்க வெளிய வேப்பமரத்தடி மணல்ல உக்காந்து கோடு கிழிச்சுக்கிட்டு இருக்கீக. அத நெனச்சா அப்பம் எனக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குது. ஒரு வருசமா இப்பிடித்தான்."

அவள் அழுவதை அவன் அதிகம் பார்த்ததில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டான். காற்றில் வேட்டியும் புடவையும் ஒன்றாகப் புடைத்துப் புடைத்து அடங்கின.

ஞாயிற்றுக்கிழமை. அந்தச் சின்ன ஓட்டுக் கோவில் நிறைந்திருந்தது. ஜன்னல் வழியாக வந்த இளவெயிலில் தூசி மினுமினுத்துக்கொண்டிருந்தது. சுருளி அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் தன் பெயரைக் கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை. முத்துத்தாய் இடித்தாள்.

"சாட்சி எங்கப்பா?" என்றார் மாசிலாமணி ஐயா.

அவன் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"ஐயா, நான் இவருக்குப் பரம விரோதி!"

தொப்பியைச் சரிசெய்துகொண்டு நூருல் அமீன் நின்றிருந்தார். அவர் பின்னால் ஒச்சாயி. சுருளி முத்துத்தாயைப் பார்த்தான். அவள் சட்டென்று தரையைப் பார்த்தாள். சொல்லி வைத்து வரவழைத்திருக்கிறாள்.

"அப்படியா பாய்? என்ன விரோதம்?"

"செருப்பு! என் செருப்பைப் போட்டுக்கிட்டு என் கொடிக்காலுக்குள்ள வந்துட்டாரு."

"வந்து?"

"வந்து... என் கொடிக்காலையே காப்பாத்திக் குடுத்துட்டாரு" என்று அமீன் பாய் சொன்னார்.

"நானுந்தேன் விரோதி!" என்று ஒச்சாயி முன்னால் வந்தாள். "என் கோழியத் திட்டிப்புட்டான் சாமி!"

"அப்புறம்?"

"அப்புறம் அவன் கோழியக் குடுத்துட்டான். இன்னைக்குக்கூட முட்டை போட்டுச்சு. இந்தா, உங்களுக்குத்தான் கொண்டாந்தேன்."

சபை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சுருளி மட்டும் சிரிக்கவில்லை.

"ஐயா, இவுக ரெண்டு பேரும் என் மேல உள்ள பிரியத்துல பொய் சொல்றாக. எனக்குப் பகையாளி இல்ல. நீங்க சொன்னத என்னால செய்ய முடியல. பொய்ச் சாட்சி வச்சு உள்ள வாரதுக்கு, நான் அந்த மணல்லயே உக்காந்துக்கிறேன்."

முத்துத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பெல்லாம் நின்றுபோயிற்று. மாசிலாமணி ஐயாவுக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் விதித்ததை விதித்தவரே மீறுவது எப்படி? பெயர்ப் பட்டியலை எடுத்து, சுருளியின் பெயரை அடிக்கப் பேனாவைத் திறந்தார்.

"அடிக்காதீக சாமி! நான் இருக்கேன்."

வாசலில் மீசை தெரிந்தது. பேயாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வேர்த்து வழிந்தது. கோவிலுக்குள் அவர் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க யாரு?"

"இவனோட பகையாளி."

சுருளிக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"வேணாண்ணே! எனக்காக நீங்களுமா சாமி முன்னால பொய் சொல்லணும்? காலையிலயே கெளம்பி வந்திருக்கீகளே, சாப்பிட்டீகளா?"

பேயாண்டி கையை வெடுக்கென்று உதறினார். மீசை துடித்தது. குரல் ஏனோ அழுகிறவர் குரல்போல உடைந்து வந்தது.

"பொய்யாடா? உங்கப்பன் என் வரப்புல ஒரு முழம் தள்ளி நட்டான்ல, அன்னையிலருந்து பகைடா! ஒவ்வொரு முறையும் உன் மடைய வெட்டித் தண்ணியத் திருப்புனது நான், பாயிகிட்ட உன்னைய வெட்டு வாங்க அனுப்புனது நான், ஒச்சாயி வாய்க்கு உன்னையத் தின்னக் குடுத்தது நான். பதினோரு வருசமா தெனமும் வந்து 'அண்ணே, சாப்பிட்டீகளா'ன்னு கேட்டுக் கேட்டு, ஒரு நாளாச்சும் என்னைய நிம்மதியாப் பகையாளியா இருக்க விட்டியாடா நீ?"