மாப்பிள்ளை மாற்றிய கெர்னல்

குழந்தையின் முதல் வருடப் புகைப்படங்கள் அத்தனையும் இருந்த கம்ப்யூட்டர், மாமனார் வீட்டு ஹாலில், மாப்பிள்ளையின் கண்ணெதிரே மறுபடியும் உறைந்து நின்றது.

குற்றவாளி அவனேதான். முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில், "இது இன்னும் வேகமா ஓடும் மாமா" என்று சவடால் விட்டு, கம்ப்யூட்டரை உள்ளிருந்து இயக்கும் கெர்னல் என்ற மென்பொருளைத் தானே திருத்தி அதில் ஏற்றிவிட்டான். கம்ப்யூட்டர் மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமனார் "பண்ணுங்க" என்றார். அவர் "பண்ணுங்க" என்றாலே மாப்பிள்ளைக்குப் பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

மாமா நடக்கப் போயிருப்பார். திரும்புவதற்குள் சரிசெய்தால் மானம் மிஞ்சும்.

மெமரி நிரம்பி வழிந்தது. நிரம்பினால் கெர்னல் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்று இடம் பிடிக்கும்; அது கொன்றது புகைப்பட புரோகிராமை. டிஸ்க்கில் ஓர் ஓரத்தை மெமரிக்கு ஒதுக்கிக் கொடுத்தான். ஒதுக்கிய இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது.

அடுத்து ஜர்னல். டிஸ்க் எதையும் எழுதுவதற்கு முன்னால், "இதை எழுதப் போகிறேன்" என்று குறித்துவைக்கும் இடம் அது. குறிக்கும் முறையை மாற்றினான். அது பழையபடி திரும்பியது. விடாமல் மாற்றினான், விடாமல் திரும்பியது. கடைசியில் டிஸ்க்கே கோபித்துக்கொண்டு, இனி படிக்கலாம், எழுத முடியாது என்று பூட்டிக்கொண்டது.

மனைவி இடுப்பில் குழந்தையோடு எட்டிப் பார்த்தாள். "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"கெர்னல் நான் சொல்றதைக் கேக்கவே மாட்டேங்குது."

"நீ எழுதினதுதானே? உன்னை மாதிரிதான் இருக்கும்."

பழைய கெர்னலையே ஏற்றி ரீஸ்டார்ட் செய்தான். பாதியில் அது தானாக இன்னொரு ரீஸ்டார்ட் போட்டது. கம்ப்யூட்டர் மறுபடி உயிர் பெற்று வந்தபோது புகைப்பட ஃபோல்டர் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது. தவழ்ந்தது, பல் முளைத்தது, எதுவுமே இல்லை.

இனி மறைக்க வழியில்லை. சமையலறைக்குப் போய் மாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டி, மாமா வந்ததும் எப்படிச் சொல்வது என்று கேட்டான்.

மாமியார் குழாயை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவர் எங்கேயும் போகலை மாப்பிள்ளை. ராத்திரி அவர் ஏதோ அழுத்தினதாலதான் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு பயந்து, விடிஞ்சதிலேர்ந்து மாடியில உக்காந்து லேப்டாப் வழியா இதே கம்ப்யூட்டருக்குள்ள போய்ச் சரி பண்ணிக்கிட்டிருக்கார். போட்டோவையெல்லாம் முதல்ல வேற டிஸ்க்குக்கு எடுத்துட்டாராம், உங்ககிட்ட மட்டும் மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார்."