பூமியை ஏசிய பண்டாரி

நிலநடுக்கத்தை ஏசியே நிறுத்திய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் காரைக்கால்காரர். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். அவர் ஏசிய நேரத்தில் அந்த இடிபாட்டுக்குள் கிடந்தவன் நான். எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிடப் போகிறதா?

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும், பாஸ்போர்ட்டுக்காகவாவது. நாங்கள் யாரும் கேட்டதில்லை. பண்டாரி என்றுதான் சொல்வோம். எங்கள் ஊர் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் நெய்ச்சோறும் கறியும் ஆக்குகிறவருக்கு அதுதான் பட்டம். நேரில் பேசும்போது மட்டும் ‘நானா’ என்போம், அண்ணன் என்கிற மரியாதையில். அந்த மரியாதை அவரிடமிருந்து திரும்பி வராது. மெக்கானிக்கை ‘கிரீசு’ என்பார். ஸ்டோர் கீப்பரான என்னை ‘கிடங்கு’ என்பார். “டேய் கிடங்கு, எங்கடா சீரகம்?” என்பதுதான் எனக்குத் தினமும் சுப்ரபாதம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஏமன் நாட்டில் மலைக்கு மேலே ரோடு போட்டுக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுக் கம்பெனி, காரைக்கால் ஆட்களைத் தேடித் தேடி எடுத்தது. காரைக்காலில் குழந்தைகள் பிரெஞ்சு பேசிக்கொண்டே பிறக்கும் என்று யாரோ அவர்களிடம் நன்றாகக் கதை விட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது ‘போன்ழூர்’, ‘மெர்சி’ இரண்டும். தலத்தெருவில் எங்கள் எதிர்வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் ஒருவர் இருந்தார். சாயந்திரம் இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் அவர் உதிர்க்கிற நாலைந்து வார்த்தைகளும் தெரியும். அவற்றை எந்த ஆபீசிலும் சொல்ல முடியாது. பண்டாரிக்கு அதுகூடத் தெரியாது. ஆனால் பாஷை தெரியாமல் திண்டாடியவர்கள் நாங்கள்தான், அவர் இல்லை.

அவருக்கு எல்லாவற்றையும் ஏச வேண்டும். வேகாத பருப்பை ஏசுவார், வெந்த பருப்பைக் குழைந்துவிட்டதென்று ஏசுவார். மலைக்காற்று அடுப்பை அணைத்தால் காற்றின் தாயார் வரைக்கும் போவார். குறைவாகச் சாப்பிட்டால் “எவன் வூட்ல தின்னுட்டு வந்த?” கூடச் சாப்பிட்டால் “வயிறா, வண்ணாஞ்சாலா?” கேம்ப் மேனேஜரான பிரெஞ்சுக்காரரை நாங்கள் முசியே என்போம். அவர் ஒருநாள் வாசனை தாங்காமல் சமையல்கட்டுக்குள் வந்து, தம் போட்டு மூடியிருந்த தேக்சா அண்டாவின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டார்.

“மூடியத் தொறந்தவன் கை வெளங்குமா? தம்முல இருக்குற சோத்த எட்டிப் பாக்குறானே, இவனுங்க ஊர்ல குளிக்கிற எடத்தையும் இப்புடித்தான் எட்டிப் பாப்பானுவளா?”

முசியே என்னைப் பார்த்து அரைகுறை இங்கிலீஷில் கேட்டார். “என்ன சொல்கிறார்?”

“இன்னும் ஐந்து நிமிஷம் ஆகுமாம் சார்” என்றேன். முசியே “மெர்சி, மெர்சி” என்று பண்டாரிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பண்டாரியின் ராஜ்யத்தில் சட்டம் ஒன்றே ஒன்று. அங்கே சாப்பாடு சஹனில்தான். சஹன் என்றால் பெரிய தாம்பாளம் போன்ற தட்டு. நடுவில் சோற்றைக் குவித்து நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள், எங்கள் ஊர் முஸ்லிம் வீட்டு விருந்தில் நடக்கிற மாதிரி. இந்துவோ, கிறிஸ்தவனோ, மலையாளியோ, அவர் கேம்பில் எல்லோருக்கும் அதுதான். ஒரு தட்டுக்கு யார் யார் நாலு பேர் என்று அவரே பிரித்து வைத்திருந்தார். நாலு பேரும் உட்காராமல் அந்தத் தட்டுக்குச் சோறு விழாது. மூன்று பேர் உட்கார்ந்து “போடுங்க நானா” என்றால் “இது சோறா, சீட்டுக்கச்சேரியா? ஆளு கொறைஞ்சாலும் ஆடுறதுக்கு?” என்பார். வெளியே போகிறவன் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் போனவன் திரும்பி வராமல் இருப்பதே நல்லது.

அந்த நாள் நடுப்பகலில், நகரத்துக்குக் காய்கறி வாங்கப் போகிற லாரியில் திடீரென்று என்னையும் ஏறச் சொன்னார்கள். ஏறி உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. பண்டாரியிடம் சொல்லவில்லை! போதாக்குறைக்கு அவர் காலையிலிருந்து நெய் கேட்டுக்கொண்டிருந்தார், நான் எடுத்துக் கொடுக்கவில்லை. இரண்டுக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்ளத் தெம்பில்லாமல் லாரியிலிருந்து குதித்தேன். ஒரு டின் நெய்யைக் கையில் கொண்டுபோய்ச் சொன்னால் ஏச்சு பாதியாகக் குறையும் என்று கணக்குப் போட்டு ஸ்டோருக்குள் ஓடினேன். நான் இறங்கியதைக் கவனிக்காமல் டிரைவர் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே போனதையும் ஒருத்தரும் பார்க்கவில்லை.

டின்னைத் தூக்கினேன். தரை ஒரு உலுக்கு உலுக்கியது. முதலில் தலைசுற்றல் என்றுதான் நினைத்தேன். அப்புறம் கல் சுவர் வாயைப் பிளந்தது. அடுக்கி வைத்திருந்த அரிசி மூட்டைகள் சரிந்தன, கூரை அவற்றின் மேல் வந்து உட்கார்ந்தது. மூட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்றதில் ஒரு சின்னப் பொந்து கிடைத்தது. அதற்குள் நான். கால் மாட்டிக்கொண்டது. கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டிய மைதா மாவு வாயெல்லாம் அடைத்துத் தொண்டையில் சத்தமே வரவில்லை. நான் லாரியில் போய்விட்டதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள், யாரும் தேட மாட்டார்கள் என்பது புரிந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அழுதேன். மாதாவே மாதாவே என்று மனசுக்குள் கத்தினேன்.

வெளியே நடந்ததை என் தட்டில் சாப்பிடுகிற மண்டபத்தூர் வெல்டர் பிற்பாடு சொன்னான். சாப்பாட்டுக் கொட்டகை தகரம் என்பதால் அங்கிருந்தவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. முசியே ஆட்களை எண்ணினார். ஸ்டோர் கீப்பர் லாரியில் போயிருக்கிறான், மற்ற எல்லோரும் இருக்கிறார்கள், கடவுளுக்கு நன்றி என்றார். எல்லோரும் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். பண்டாரி மட்டும் கரண்டியோடு வந்தார்.

“என்னடா ஆட்டம் பாத்ததில்லயா? உக்காருங்க. பயந்த வயித்துல சோறு விழுந்தா நடுக்கம் நிக்கும்.”

உட்கார்ந்தார்கள். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் வெல்டரின் தட்டு முன்னால் நின்றார். “இங்க மூணு பேருதான் இருக்கீங்க. கிடங்கு எங்க?”

“லாரில போயிட்டாரு நானா.”

“என்கிட்ட சொல்லாமயா?”

“அவசரமா போயிருப்பாரு...”

“அவனா? எனக்கு பயந்துக்கிட்டு தும்மலக்கூட அடக்குறவன்டா அவன்! சொல்லாம போவ மாட்டான். போவல அவன்.”

முசியே கைஜாடையில் லாரி, ரோடு, நகரம் எல்லாம் காட்டினார். “நீ சும்மா இருங்காணும்” என்று அவரை ஒதுக்கிவிட்டு, கரண்டியைத் தரையில் எறிந்துவிட்டு, நேராக ஸ்டோர் பக்கம் நடந்தாராம். காலையிலிருந்து நெய் கேட்டவருக்கு வேறு எந்தப் பக்கம் போகத் தோன்றும்?

இதற்கு மேல் நானே காதால் கேட்டது.

“டேய் கிடங்கு! சோறு ஆறுதுடா! ஒரு டின்னு நெய் கேட்டதுக்கு ஸ்டோர இடிச்சாடா எடுப்ப? வாயத் தொறடா பாவி!”

என் வாழ்நாளில் அவ்வளவு இனிமையான குரலைக் கேட்டதில்லை. பதில் சொல்லத்தான் வாய் வரவில்லை. மாட்டாத காலால், பக்கத்தில் விழுந்து கிடந்த நெய் டின்னை ஓங்கி உதைத்தேன். டங் என்றது.

மேலேயிருந்து பதில் வந்தது: “எவன்டா அது டின்ன ஒதைக்கிறது? நெய்யி ஒழுகுச்சு, நீ தொலைஞ்ச!”

ஆட்கள் ஓடி வந்தார்கள். கல்லைப் புரட்டும் சத்தம், மூட்டை இழுக்கும் சத்தம். எனக்கு வெளிச்சம் ஒரு கீற்று தெரிந்தது. அப்போது தரை மறுபடியும் ஆட ஆரம்பித்தது. மேலே கல் உருண்டது. “ஓடுங்க, ஓடுங்க!” என்று கத்தல். காலடிச் சத்தமெல்லாம் விலகிப் போய்விட்டது. ஒரே ஒரு குரல் மட்டும் என் தலைக்கு மேலேயே நின்றது.

“ஏய்! நில்லு! நில்லுங்குறேன்ல! எம்புள்ள உள்ள கெடக்குறான், கண்ணு தெரியல உனக்கு? ஆடணும்னா அவன எடுத்தப்பறம் ஆடிக்க. அது வரைக்கும் மூடிக்கிட்டு கெட!”

பூமி நின்றது.

விஞ்ஞானிகள் இதற்கு வேறு காரணம் சொல்வார்கள். சொல்லட்டும், அவர்கள் மூட்டைக்கு அடியில் கிடக்கவில்லை. கிடங்கு என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடாத மனிதர் என்னை எம்புள்ள என்றார். அதைத் தரை கேட்டதோ இல்லையோ, நான் கேட்டேன்.

என்னை இழுத்து வெளியே போட்டதும் அவர் செய்த முதல் காரியம் டின்னை வாங்கிக் குலுக்கிப் பார்த்தது. இரண்டாவது காரியம், மாவு பூசிய முகத்தோடு என்னைக் கொண்டுபோய் வெல்டர் பக்கத்தில் உட்கார வைத்தது. நாலு பேர் ஆயிற்று. அப்பாடா என்று சோறு விழுந்தது. என் கை சோற்றை அளைந்துகொண்டே இருந்தது, வாய்க்குப் போகவில்லை. ஏசிக்கொண்டே அவர்தான் ஊட்டிவிட்டார்.

எங்களுக்கு அத்தோடு போயிற்று. மலைக்குக் கீழே இருந்த கிராமத்துக்கு அப்படி அத்தோடு போகவில்லை. கல் வீடுகள் கல் குவியலாகக் கிடந்தன, எத்தனையோ பேர் அதற்குள்ளேயே போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் கேம்புக்கு வந்தார்கள். பண்டாரி யாரையும் கேட்கவில்லை, தேக்சாக்களை வெட்டவெளியில் அடுப்பேற்றினார். மூன்று கிழவர்கள் உட்கார்ந்திருந்த தட்டில் ஆள் குறைந்தது. “இங்க வா, சும்மாதான நிக்கிற?” என்று முசியேயைப் பிடித்து நாலாவதாக உட்கார வைத்தார். இடது கையை நீட்டிய முசியேவுக்குப் பண்டாரியிடமிருந்து புறங்கையில் ஒரு அடி விழுந்தது. அழுதுகொண்டிருந்த கிழவர்களில் ஒருவருக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது.

பல நாள் வெளியிலேதான் படுக்கை. குளிர் எலும்பைத் தின்றது. தரை லேசாக ஆடும் போதெல்லாம் கம்பளிக்குள்ளிருந்து “வந்துட்டியா? வெக்கமா இல்ல உனக்கு?” என்று குரல் வரும். ஆட்டத்துக்கு எழுந்து ஓடிய நாங்கள் போகப் போகச் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தோம்.

அடுத்த விடுமுறைக்கு இருவரும் சேர்ந்தே ஊருக்கு வந்தோம். ரேடியோவில் சேதி கேட்டதிலிருந்து, என் தந்தி கிடைக்கிற வரைக்கும், அம்மா மாதா கோவிலை விட்டு நகரவில்லையாம். வந்த மறுநாளே “அந்த பாயப் பாக்கணும்டா” என்றாள். பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். டீ வந்தது. அம்மா அதைத் தொடாமல் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“பாய், எம்புள்ளய எடுத்துக் குடுத்தீங்க...”

“நான் எங்கம்மா எடுத்தேன்? ஏசிக்கிட்டு நின்னேன். அவன் டின்ன ஒதைச்சான். மத்த பயலுவ எடுத்தானுவ.”

அம்மா விடவில்லை. “அவன் ஒதைக்க முடியாம கெடந்திருந்தா?”

பண்டாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார், தம்மில் இருக்கும் சோற்றைத் திறக்கச் சொன்னவளைப் பார்க்கிற மாதிரி.

“கெடந்திருந்தா என்னம்மா? நான் இன்னும் அங்கயேதான் நின்னு ஏசிக்கிட்டு இருப்பேன்.”

அவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்குத் தெரியும். நின்றிருப்பார்.