நாற்பத்தொன்பது நாள் பேய்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்குப் பெட்டி நிற்கும் என்று வயர்சாமி சொல்லியிருந்தார். நின்றது.

கூடியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

விஸ்வநத்தத்தில் கோட்டைச்சாமியின் பட்டாசுக் கம்பெனி அலுவலகம். எட்டு கம்ப்யூட்டர்கள். எட்டின் வயரும் மூலையில் ஒரு பெட்டியில் போய்ச் சேரும். நெட்வொர்க் சுவிட்ச் என்று பெயர். அது நின்றால் எட்டும் ஒன்றோடொன்று பேசாது. பில் வராது. பில் இல்லாமல் லாரி நகராது. தீபாவளிக்கு இருபது நாள் இருந்தது. வாசலில் மூன்று லாரிகள் லோடு ஏற்றி நின்றன.

காலையிலேயே பில்லைப் போட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் அற்புதம் நடக்கிற காலையில் யார் வேலை செய்வார்கள்?

சிவகாசியிலிருந்து அச்சக முதலாளிகள் வந்திருந்தார்கள். எம். புதுப்பட்டியிலிருந்து பட்டாசு முதலாளிகள். தெருமுனை டீக்கடைக்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். பெட்டிக்கு எலுமிச்சம்பழ மாலை. மேலே விரற்கடை கனத்துக்குச் சந்தனம். காற்றுப் போகும் துளைகளில் விபூதி. மனிதனுக்கு மூக்கில் இப்படி அடைத்திருந்தால் இந்நேரம் சங்கு ஊதியிருப்பார்கள்.

வயர்சாமியின் பெயர் இசக்கிச் சித்தர். சதுரகிரி மலையில் பன்னிரண்டு வருடம் தவம் இருந்தவர் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. பெட்டி முதல் தடவை நின்றபோது அரை மணி நேரத்தில் வாசலில் வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. அதுவே முதல் அற்புதம். கோட்டைச்சாமிக்கு அந்த முகத்தை எங்கோ பார்த்தது போல் இருந்தது. போன ஜென்மத் தொடர்பு என்று எடுத்துக்கொண்டார்.

அன்று சாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தக் கம்பெனில யாருக்கும் அகால மரணம் உண்டா?"

இந்த வட்டாரத்துப் பட்டாசு முதலாளியிடம் கேட்கக்கூடிய கேள்விகளில் இதைவிடச் சுலபமானது இல்லை. ஞானதிருஷ்டி தேவைப்படவில்லை.

உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் ஃபாக்டரியில் ஏழாம் நம்பர் ஷெட் வெடித்தது. முனியராஜ் செத்தான். கெட்ட நேரம் என்றார்கள். ஷெட் இருந்த இடத்தில் யாகம் நடத்தினார்கள். அவன் மனைவி நாகஜோதிக்கு அலுவலகத்தில் பில் போடும் வேலை கொடுத்தார்கள். அவள் நாற்காலி பெட்டிக்குப் பக்கத்தில்.

சாமியாருக்கு இது போதும். "ஷெட்டுக்குள்ள போறப்ப வாசல்ல செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான போறீக? ஒடம்புல இருக்க கரண்டு பூமிக்குப் போயிரும்ல? அதே மாதிரிதான். பொண்டாட்டியத் தேடி வந்த ஆவி, வயர் வழியா பெட்டில எறங்கிருச்சு."

பாதி அறிவியலைக் கலந்து கொடுத்தால் முழுப் பொய்யும் செரித்துவிடும்.

கட்டுப் போட்டார். கட்டு ஒரு மண்டலம் தாங்கும் என்றார். நாற்பத்தெட்டு நாள். அதற்குமேல் ஆவிக்கு ஒரு நாள் கருணை. பிறகு பெட்டி நிற்கும். சொன்னபடி நின்றது. மறுபடி கட்டுப் போட்டார். இந்த முறை மணி, நிமிடத்தையும் சேர்த்துச் சொன்னார். மூன்றாம் முறையும் நின்றால் நாகஜோதி அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றார். கோட்டைச்சாமி தலையாட்டினார்.

இப்போது நின்றுவிட்டது.

நாகஜோதி எழுந்தாள். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இந்த வேலை போனால் வெடிமருந்து ஷெட்டுக்குத்தான் போக வேண்டும். புருஷன் போன வழி.

"மொதலாளி, பொட்டி நின்னதுக்கு நான் என்ன செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல தாயி. ஒன்னோட ராசி அப்பிடி."

"செத்தும் அந்த மனுசன் என்ன நிம்மதியா விட மாட்டாரா," என்றாள் நாகஜோதி. "இருக்கறப்ப இம்புட்டு ஒட்டிக்கிட்டுத் திரியலயே. வீட்டுக்கு வர்றதே பத்து மணிக்குத்தான்."

யாரோ சிரித்தார்கள். சாமியார் முறைத்தார். சிரிப்பு நின்றது.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம்," என்றது ஒரு குரல்.

செய்யது அபுதாஹிரின் மகள் நாதியா. அபுதாஹிர் சிவகாசியில் அச்சகம் நடத்துகிறார். இந்தக் கம்பெனிக்கு லேபிள் அடித்துக் கொடுப்பவர். அவர் அச்சகத்திலும் இதே பெட்டி, இதே நோய். சாமியாரை அழைத்துப் போக வந்திருந்தார். மதுரையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகளும் லீவில் வந்த இடத்தில் கூட வந்தாள்.

"சும்மா இரும்மா," என்றார் அபுதாஹிர்.

"நம்ம பெட்டிக்குத் தாயத்துக் கட்டுனீகளே அத்தா, அது என்னாச்சு?"

"அது வேற டிபார்ட்மெண்டு."

மற்ற விஷயங்களில் எப்படியோ, இந்த விஷயத்தில் ஊரில் மத நல்லிணக்கத்துக்குக் குறைவில்லை.

நாதியா சாமியாரைப் பார்த்தாள். "சாமி, பூசை எப்பிடிச் செய்வீக?"

"அதெல்லாம் ரகசியம் தாயி. சிவப்புப் பட்டப் போட்டு மூடி, உள்ள கைய விட்டு, நாடியப் பிரிச்சு, திரும்ப உயிர் குடுக்கணும். ஒனக்குப் புரியாது. இது கம்ப்யூட்டர் படிப்பு இல்ல."

"பட்டு வேணாம். கையும் வேணாம். மந்திரத்த மட்டும் சொல்லுங்க. பொட்டி ஓடுதான்னு பாப்போம்."

"கை வழியாத்தான சக்தி எறங்கும்?"

"பன்னெண்டு வருசத் தவம் சாமி. ரெண்டடி தூரம் பாயாதா?"

கூட்டத்துக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. பக்தர்களுக்குச் சாமியாரின் சக்தியைக் குறைத்து எடைபோடப் பிடிக்காது. "ரெண்டடி என்ன, ரெண்டு மைலு பாயும்," என்றார் ஒருவர். சாமியாருக்கு வேறு வழியில்லாமல் போனது. பக்தர்களே சில நேரம் இப்படிக் காலை வாருவார்கள்.

கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். இருபது நிமிடம் சொன்னார். ஓம் வந்தது. ஹ்ரீம் வந்தது. வியர்வை வந்தது. பெட்டி வரவில்லை.

வாசலில் லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, பில்லு வருமா, இல்ல நானும் உள்ள வந்து பாடவா?"

"சரி," என்றாள் நாதியா. "இப்பத் திருப்பிப் போடுவோம். மந்திரம் இல்லாம கை மட்டும். யாராச்சும் ஒருத்தர் பொட்டியோட பிளக்கப் பிடுங்கி, பத்து எண்ணிட்டு மாட்டுங்க."

சாமியார் குரலை உயர்த்தினார். "தீட்சை வாங்காதவன் தொட்டா கட்டடமே வெடிக்கும். சொல்லிட்டேன்."

பட்டாசுக்காரர்களிடம் இந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. அரை நிமிடத்தில் கூட்டம் தெருவுக்குப் போய்விட்டது. அந்த அலுவலகத்தில் ஒரு கம்பி மத்தாப்புக்கூடக் கிடையாது. அலமாரியில் இருப்பதெல்லாம் காலி சாம்பிள் பெட்டிகள். அது அவர்களுக்கும் தெரியும். தெரிந்திருப்பதும் நம்புவதும் ஒரே மண்டைக்குள் தனித்தனி ரூமில் குடியிருக்கின்றன.

கோட்டைச்சாமி வாசற்படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்றார். அது அவர் கட்டடம்.

நாகஜோதி தூக்கைக் கீழே வைத்தாள்.

"நான் பிடுங்குதேன்."

"ஏ நாகஜோதி, வேணாம்."

"வெடிச்சா ராசி இல்லாதவ போறேன். நீக ஏன் மொதலாளி கவலப்படுதீக?"

பிளக்கைப் பிடுங்கினாள். பச்சை விளக்குகள் அணைந்தன. நாதியாவைப் பார்த்தாள்.

"பத்து எண்ணணுமா?"

"எதையாச்சும் சொல்லுங்கக்கா. ஒங்களுக்கு மனப்பாடமா இருக்கறது."

இரண்டு வருடமாக பில் போடுகிறவள். அவளுக்கு மனப்பாடமாக இருந்தது ஒன்றுதான்.

"குருவி வெடி, லட்சுமி வெடி, தரைச்சக்கரம் பெருசு, தரைச்சக்கரம் சிறுசு, பூச்சட்டி, சாட்டை, பென்சில், பாம்பு மாத்திரை, ராக்கெட்டு, கம்பி மத்தாப்பு பதினஞ்சு சென்டிமீட்டர்."

மாட்டினாள்.

ஒன்றரை நிமிடம். ஒரு விளக்கு. நாலு. எட்டு. முதல் பில் பிரிண்டரிலிருந்து வெளியே வந்தது. பாம்பு மாத்திரைக்கு இருக்கிற சக்தி அன்று பலருக்கும் விளங்கியது.

கூட்டம் திரும்பி உள்ளே வந்தது. ஒரு அச்சக முதலாளி நாகஜோதியிடம் பணிவாகக் கேட்டார். "அம்மா, ஒரு எட்டு நம்ம பிரஸ்ஸுக்கும் வந்து கைய வச்சிட்டுப் போவீகளா?"

"வெட்கமா இல்லயாய்யா," என்றாள் அவள்.

சாமியார் சளைக்கவில்லை. "ஆவி பயந்து பதுங்கியிருக்கு. ஒரு மண்டலம் கழிச்சு வரும். அப்ப என்னத் தேடி வருவீக."

"வரும்," என்றாள் நாதியா. "அது மட்டும் உண்மை. அண்ணாச்சி, போன பூசை எப்ப?"

"ஏழு வாரம் முந்தி, திங்கக்கிழமை. சாயங்காலம் நாலு நாப்பது. பிரதோச நேரம்னு சொன்னாரு."

நாதியா சொன்னாள். பெட்டிக்குள் ஒரு கடிகாரம் உண்டு. நொடியை ஆயிரமாகப் பிரித்து எண்ணும். பிளக் மாட்டிய நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். அதற்கு எண்ணத் தெரிந்த கடைசி எண் ஒன்று உண்டு. அதை எட்டியதும் அடுத்து என்ன என்று தெரியாமல் உறைந்துவிடும். நாற்பத்தொன்பது நாள், பதினேழு மணி, இரண்டு நிமிடம். கரண்ட் போனாலும் யு.பி.எஸ். அதை அணைய விடாது. அதனால் கணக்குப் பிசகாது.

மேனேஜர் பாண்டிமுருகன் விரல் விட்டுக் கூட்டினார். நாலு நாற்பதோடு பதினேழு மணி இரண்டு நிமிடம். மறுநாள் காலை ஒன்பது நாற்பத்திரண்டு. இரண்டாம் முறை கூட்டினார். அதே விடை வந்தது.

"பொட்டி செஞ்ச கம்பெனியே தப்பு எங்களோடதுன்னு சொல்லி, ரெண்டு வருசம் முந்தியே புது சாஃப்ட்வேர் குடுத்துட்டான். சும்மாவே கெடைக்கும். ஏத்துனா முடிஞ்சுச்சு."

"எந்தக் கெழம ஏத்தணும்?" என்றார் அபுதாஹிர்.

நாதியா பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். பெட்டியோடு வயரை மாட்டினாள். ஃபைலை இறக்கி ஏற்றினாள். பெட்டி மறுத்துவிட்டது. இந்த மாடலுக்கு உரியதல்ல என்று திரையில் வந்தது.

சாமியார் முகத்தில் முதல் தடவையாகத் தெய்வீகக் களை வந்தது. "பாத்தீகளா? ஆவி விடாது."

"ஆவி இல்ல சாமி. ஒரே பேர்ல மூணு விதமாப் பொட்டி வந்துருக்கு. எதுன்னு மேல ஸ்டிக்கர்ல இருக்கும். அண்ணாச்சி, ஒரு ஸ்பூன் குடுங்க."

"சந்தனத்தத் தொடக் கூடாது," என்றார் சாமியார். வெடிக்கும் என்று சொன்னபோதுகூட அவர் குரல் இவ்வளவு நடுங்கவில்லை.

டீக்கடைக்காரர் ஸ்பூனை நீட்டினார். நாதியா சுரண்டினாள். மாடல் நம்பர் வந்தது. அதற்குக் கீழே இன்னொரு ஸ்டிக்கர் வந்தது. காரியாபட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் பெயர். "விற்பனை, சர்வீஸ்: இசக்கிப்பாண்டி." ஒரு போன் நம்பர்.

பாண்டிமுருகன் அந்த நம்பரை அடித்தார். சித்தரின் காவி வேட்டி மடிப்பில் பக்திப் பாட்டு ஒலித்தது.

பாட்டு ஒரு சரணம் முடியும் வரை ஒலித்தது.

"அதான மூஞ்சி எங்கயோ பாத்தாப்ல இருந்துச்சு," என்றார் கோட்டைச்சாமி. "ஏலே, நீதான அஞ்சு மாசம் முந்தி இதக் கொண்டாந்து மாட்டுனவன்? அப்பத் தாடி இல்லயே."

தான் விற்ற பெட்டி எங்கே எப்போது நிற்கும் என்று தெரிந்தவன் இசக்கிப்பாண்டி. அதற்கு மருந்து வந்ததும் தெரியும். மருந்தை ஏற்றினால் ஒரு தடவை நன்றி சொல்வார்கள். ஏற்றாவிட்டால் மண்டலத்துக்கு ஒரு தடவை காலில் விழுவார்கள். தாடி வளர்த்தான். தவம் அவ்வளவுதான்.

நழுவி ஓடியவனைப் பிடிக்க நாலு பேர் போனார்கள். காலையில் கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே நாலு பேர்.

நாதியா சரியான ஃபைலை ஏற்றினாள். ஏழு நிமிடம் ஆனது. பெட்டி அணைந்து, தானாக எழுந்தது. விபூதியை ஊதிவிட்டாள்.

"இனி நிக்காதா தாயி?" என்றார் கோட்டைச்சாமி.

"நிக்காது. ஆனா என்னையும் நம்ப வேணாம் அண்ணாச்சி. அம்பது நாள் எண்ணிப் பாருங்க. நின்னா என்னக் கூப்புட்டுக் கேளுங்க."

அவருக்கு இது புதிதாக இருந்தது. நம்ப வேண்டாம் என்று அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

தொண்டையைச் செருமினார். "நாகஜோதி, நடந்தது நடந்துபோச்சு. ஏதோ கெட்ட நேரம். நீ போயி ஒஞ் சீட்டுல உக்காரு. லோடு நிக்குதுல்ல."

நாகஜோதி உட்காரவில்லை. பெட்டியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"பொட்டி நின்னதும் கெட்ட நேரம்னுதான் சொன்னீக. இந்தப் புள்ள சொரண்டிப் பாத்துக் காரணத்தச் சொல்லிருச்சு. ஏழாம் நம்பர் ஷெட்டு வெடிச்சதையும் கெட்ட நேரம்னீக. அது ஏன் வெடிச்சுச்சுன்னு யாராச்சும் பாத்தீகளா மொதலாளி?"