மயில்வாகனம் கதிரை போட்ட இடங்கள்

கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மயில்வாகனம் படலையைத் திறந்தபோது, இராசேஸ்வரி பலாமரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். குடிவந்த கிழமையில் அவளே வைத்த மரம்.

"இஞ்சேருங்கோ, எங்கை கதிரையோட?"

"புதுக் கந்தோர் சந்தியடியிலதான் கட்டுவாங்கள். மற்றவங்கள் வர முதல் நான் போய் இருக்க வேணும்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. யோசிச்சுப் பாத்தனான்."

கிளிநொச்சிக் குடியேற்றத்துச் சனங்களுக்கு அரசாங்கத்தோடு இருந்த அலுவல்களையெல்லாம் மயில்வாகனம்தான் பார்த்தார். காணிப் பெர்மிட், விதைநெல், வாய்க்கால் சண்டை, எதுவானாலும் பெட்டிசம் எழுதுவார். ஆளை, அந்தப் பகுதியின் அரச நிர்வாகத்தைப் பார்க்கும் காரியாதிகாரியின் கந்தோருக்குள் கூட்டிப்போய், நிற்கவேண்டிய இடத்தில் நிறுத்தியும் விடுவார். கந்தோர் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. எதிரே, அவர் இருந்து எழுதும் கதிரை. இப்போது வீட்டுக்காரர் வீட்டைத் திருப்பிக் கேட்டுவிட்டார். புதுக் கந்தோருக்கு இடம் தேடுகிறார்கள் என்று கதை.

"எங்கட விறாந்தையில இருங்கோவன். சனம் இஞ்ச வரும்."

"கந்தோர் வாசலைக் காணாத இடத்தில இருந்தால் ஆர் என்னை நம்புறது?"

சந்தியில் கொட்டில் போட்டார். அடுத்த கிழமை நில அளவையாளர் சங்கிலியோடு அங்கேயே வந்து இறங்கினார். கந்தோர்ப் பியோன் யோகலிங்கம் முளை அடித்தான்.

மயில்வாகனத்தின் நடையே மாறிவிட்டது. பக்கத்து வயல்காரர் வீரகத்தி தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, "மயிலர், அரசாங்கம் நினைக்க முதல் உமக்குத் தெரிஞ்சுபோடுது" என்றார்.

"எல்லாம் ஒரு அனுபவம்தான்" என்றார் மயில்வாகனம், கண்ணை மூடிக்கொண்டு.

மழை வந்தது. முளைகள் மிதந்தன. பிறகு கதிரையும் மிதந்தது.

"அது பள்ளம் எண்டு எங்கட கோழிக்கும் தெரியும்" என்றாள் இராசேஸ்வரி.

மேடாகப் பார்த்து நெல் மில்லடிக்கு மாறினார். சங்கிலியும் வந்தது. மயில்வாகனம் மனைவிக்கு ஆள் அனுப்பி, வந்து பார்க்கச் சொன்னார். அவள் வந்தபோது அளவையாளர் உமித் தூளில் தும்மித் தும்மி, முளைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்தது வாய்க்காலுக்கு அப்பால், காட்டோரம். தூசியில்லை, வெள்ளமில்லை, சனமும் இல்லை. அங்கேயும் சங்கிலி வந்தது. "பாத்தியே, என்ர கணக்குப் பிழைக்கேல்லை!" என்று அவர் துள்ளிய மறுநாள், யானை ஒன்று கொட்டிலையும் முளைகளையும் சேர்த்தே மிதித்துவிட்டுப் போனது. அவர் திரும்பவும் கொட்டில் போட்டார்.

அந்தத் தூரத்துக்கும் இராசேஸ்வரி மத்தியான வெயிலில் சோறு கொண்டு நடந்தாள். நடந்து நடந்து ஒருநாள் காய்ச்சலில் விழுந்தாள்.

மயில்வாகனம் பாயருகே இருந்து அவள் நெற்றிக்கு ஈரத்துணி போட்டார்.

"இனி எங்கையும் போகேல்லை. உன்ர விறாந்தைதான் என்ர கந்தோர்."

"காய்ச்சல் எனக்கோ உங்களுக்கோ?" என்றாள் அவள்.

கதிரை விறாந்தைக்கு வந்தது. அவள் சொன்னபடியே சனமும் வந்தது. அவள் எழும்பி நடமாடத் தொடங்கியதும் குசினிக்குள் இருந்தே, "அந்த மனுசனுக்குக் கொஞ்சம் கடுமையா எழுதுங்கோ, பாவம்" என்பாள். பலா முதல் பிஞ்சு விட்டது. எந்தப் பிஞ்சைக் கறிக்குப் பிடுங்குவது, எதைப் பழுக்க விடுவது என்று இருவரும் பிடித்த சண்டை ஒழுங்கைவரை கேட்டது. அந்த வீட்டிலிருந்து கேட்ட கடைசிச் சிரிப்பும் அந்த மாதத்தில்தான்.

ஒரு காலை, படலையில் சங்கிலி கிலுங்கியது.

அளவையாளர் கிணற்றடியிலிருந்து அளந்தார். யோகலிங்கம் பலாவின் வேரோடு ஒட்டி முளை அடித்தான். கந்தோர் இங்கேதான் வருகிறதாம். பெர்மிட் காணியை அரசாங்கம் தேவையென்றால் எடுக்கும், வேறு இடத்தில் மாற்றுக் காணி கொடுக்கும். ஊருக்கெல்லாம் அதை விளங்கப்படுத்தியவரே மயில்வாகனம்தான்.

"எல்லாருக்கும் எழுதிற கை. எங்களுக்கும் ஒண்டு எழுதுங்கோவன்" என்றாள் இராசேஸ்வரி, விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு.

எழுதினார். பதில் வந்தது. ஒப்பந்தகாரனின் ஆட்கள் கோடரியோடு வந்த அன்று, மயில்வாகனம் யோகலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இவ்வளவு காணி கிடக்க, ஏன்ராப்பா என்ர வளவு?"

யோகலிங்கம் திகைத்துப்போய் அவரைப் பார்த்தான்.

"என்னய்யா கேக்கிறியள்? 'எங்கை கட்டிறதெண்டு எனக்கே தெரியாது, மேலிடத்துச் சங்கதி மயிலருக்குத்தான் தெரியும், அந்தாள் கதிரை போடுற இடத்தைப் பாத்து அளவுங்கோ' எண்டுதானே காரியாதிகாரி ஐயா முதலிலயிருந்தே சொன்னவர்!"