சாப்பிட்டும் குறையாத எடை

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் நலம். நீங்கள் இரவல் கொடுத்த கேரவனும் நலம். நீங்கள் முதலில் தேடுவது அதைத்தான் என்பதால் தாமதிக்காமல் சொல்லிவிட்டேன். நீங்களும் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். பாதியில் நீங்கள் சிரித்துவிட்டால் மீதியைச் சொல்ல எனக்கு வாய் வராது.

பயணம் என்றதும் உங்கள் அத்தை போட்டது ஒரே நிபந்தனை. "ஒரு வாரம் நான் அடுப்புப் பக்கமே போக மாட்டேன். சம்மதம்னா வரேன்." கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்ட முதல் லீவு. நானே சமைக்கிறேன் என்று மார்தட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்த சமையல் உருளைக்கிழங்கு அவிப்பது ஒன்றுதான், ஆகவே உருளைக்கிழங்கு வாங்கினேன். ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் அல்லவா, 'ஸ்டாக் இல்லை' என்ற சொல் என் கவுண்டரில் கேட்டதே கிடையாது, அதனால் அந்த மூட்டை தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு மூட்டை, கிழங்கு அலுத்தால் ரொட்டி, ரொட்டி காய்ந்தால் தொட்டுக்கொள்ள ஜாம், ஜாம் திகட்டினால் ஊறுகாய், கட்டிலுக்கு அடியில் வெங்காயம், உடையாமலிருக்க என் கம்பளிக் காலுறைகளுக்குள் முட்டை, குளியலறையில் தர்ப்பூசணி. குளிக்க வேண்டுமென்றால் பழத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டுதான் குளிக்க முடியும். வண்டி ஓட்ட வந்த என் மச்சினன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தான், நாம ஊர் சுத்தப் போறோமா, கடை போடப் போறோமா?" என்றான். வயிறெரிந்து பேசுகிறான் என்று விட்டுவிட்டேன்.

நெடுஞ்சாலையில் ஓர் எடை மேடை. வண்டியை ஏற்றச் சொன்னார்கள். அங்கிருந்த ஊழியர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பெரியவரே, வெயிட் கூடுதல். குறைச்சுட்டு வாங்க."

"எவ்வளவு குறைக்கணும்?"

"ஒரு ஆள் வெயிட்டு."

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதில் இரண்டு பேர் என்னையே பார்த்ததுதான் எனக்கு வருத்தம்.

காசு கொடுத்து வாங்கியதைக் கீழே கொட்ட மனசு வருமா? வண்டியை ஓரங்கட்டி, கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்தோம். மச்சினன் பழத்தைக் கவனித்தான், நான் முட்டையைக் கவனித்தேன், கிழங்கு ஒரு பக்கம் வெந்துகொண்டே இருந்தது, பெல்ட்டை அவிழ்த்தேன், சட்டைப் பொத்தானை அவிழ்த்தேன், அதற்கு மேல் அவிழ்க்க மரியாதை இடம் கொடுக்கவில்லை. உங்கள் அத்தை மட்டும் ஒரே ஒரு வாழைப்பழத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று நினைத்தேன்.

மறுபடி மேடையில் ஏற்றினோம். அதே எடை. இல்லை, கொஞ்சம் கூட. மச்சினன் நடுவில் இறங்கிப்போய் டீ குடித்துவிட்டு வந்திருந்தான்.

"எதைய்யா இறக்குனீங்க?"

"இறக்கலீங்க. சாப்பிட்டோம்."

"எங்க உக்காந்து?"

"வண்டியிலதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, பக்கத்து அறையில் இருந்தவர்களையும் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். கடைசியில் பின்னால் வரிசையில் நின்ற லாரிக்காரர்களுக்கெல்லாம் இரண்டு மூட்டையையும் மிச்சம் மீதியையும் வாரிக் கொடுத்த பிறகுதான் எங்களை விட்டார்கள்.

இப்போது வண்டியில் ஒரு வெங்காயம்கூட இல்லை. மூன்று வேளையும் ஹோட்டல். நான் சமைத்துப் போட வேண்டும் என்று ஆசைப்பட்டவள், ஒரு வார்த்தை குறை சொல்லாமல் மெனு கார்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசுகிறது மாப்பிள்ளை. நாளைக் காலை யாருக்கும் தெரியாமல் இரண்டு மூட்டை கிழங்கு வாங்கி, கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் போகிறேன். மகளுக்கு என் ஆசிகள். உங்கள் வீட்டில் எதுவும் குறையாமல் இருக்கட்டும், எடையைத் தவிர.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை எழுதுவது. உறையை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார். சாவி கொடுத்த அன்றைக்கு, "தண்ணித் தொட்டி ரொம்பினாலே ஒரு ஆள் வெயிட் வரும் அத்தை, பாதிக்கு மேல ரொப்பாதீங்க" என்று நீங்கள் சொன்னது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. உங்கள் மாமா வழிய வழிய நிரப்பியதையும் பார்த்தேன். எடை மேடையில் தொட்டிக்கு அடியிலுள்ள குழாயைத் திறந்துவிட்டிருந்தால் வேலை முடிந்தது. திறந்திருந்தால் ஏழு நாளும் அவித்த கிழங்கு. ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன். இப்போது யாரோ சமைக்கிறார்கள், யாரோ கழுவுகிறார்கள், எனக்கு இதைவிட என்ன வேண்டும். அவர் கிழங்கு வாங்கப் போவதை இந்தக் கடிதத்தில்தான் பார்த்தேன். போகிற வழியில் இன்னொரு எடை மேடை இருக்கிறதாம். தொட்டியை மறுபடி விளிம்புவரை நிரப்பிவிட்டேன்.