செவ்வாய்க்கிழமைக் கொள்ளு

மயிலாப்பூர்
14-2-1949, திங்கட்கிழமை இரவு

மதிப்பிற்குரிய பத்திராதிபர் அவர்கள் சமூகத்திற்கு, தாங்கள் முகம் அறியாத வேம்பு அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கு மோத்தி, வைரவன், அப்பா மூவரும் இன்று இரவு வரை க்ஷேமம். நாளை இரவு எப்படி இருப்பார்கள் என்று தெரியவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் நாலாவது பாரம் படிக்கிறேன். தங்கள் பத்திரிகை வாராவாரம் அப்பா பெயருக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறது. அப்பா தலையங்கம் படிப்பார், அம்மா தொடர்கதை படிப்பாள், எனக்கு மிஞ்சுவது கடைசிப் பக்கத்தில் கால்நடை டாக்டர் எழுதும் ‘வாயில்லா ஜீவன்கள்’ பகுதிதான். அதை நான் ஒரு எழுத்து விடாமல் படிப்பேன். எங்கள் வீட்டில் நாயும் இல்லை, குதிரையும் இல்லை. இருந்தாலும் தாங்கள் அதைப் போட்டதால்தான் நான் இப்போது இருட்டு உக்கிராண அறையில், புளிப்பானைக்குப் பின்னால், சிம்னியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு பயந்து பயந்து எழுத வேண்டியிருக்கிறது. குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

என் அப்பா வேதாந்தம், மவுண்ட் ரோட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. அவருக்கு ஒரு வருஷமாக வயிற்று வலி. சாப்பிட்டு அரை மணிக்கெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவார். டாக்டர் கொடுத்த மிக்ஸ்சர் எட்டு பாட்டில் ஆயிற்று. பாட்டில்கள் சேர்ந்தன, வலி போகவில்லை. அம்மா, மாட வீதி ஜோசியரிடம் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போனாள். கேதுவும் சனியும் சேர்ந்து படுத்துகிறார்கள் என்றும், ஒன்பது செவ்வாய்க்கிழமை அரைப்படி பச்சைக் கொள்ளு ஒரு குதிரைக்கும், ஒன்பது சனிக்கிழமை எள் கலந்த தயிர்சாதம் ஒரு கறுப்பு நாய்க்கும் போட வேண்டும் என்றும் அவர் சொன்னார். பாத்திரம் காலியாகும் வரை நின்று பார்க்க வேண்டுமாம். மிச்சம் இருந்தால் தோஷமும் மிச்சம் இருக்குமாம். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. மூன்றாவதாவது தங்கட்டும், எமனுக்குக் கசக்கட்டும் என்று எனக்கு வேம்பு என்று பெயர் வைத்தார்கள், நானும் தங்கிவிட்டேன். ஆகவே பரிகாரம் பலிக்கும் என்பதற்கு அம்மா வேறெங்கும் போய் அத்தாட்சி தேட வேண்டியதில்லை. நான்தான் அத்தாட்சி.

கறுப்பு நாய்க்குக் கஷ்டம் இல்லை. எங்கள் தெருவிலேயே வைரவன் இருக்கிறது. குதிரைக்கு லஸ் முனை ஜட்கா ஸ்டாண்டுக்குத்தான் போக வேண்டும். ஜனவரி நாலாம் தேதி, முதல் செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பித்தளைத் தூக்கில் கொள்ளை எடுத்துக்கொண்டு போனேன். ரேஷன் கடை வாசல் மாதிரி அங்கே ஆறு மாமிகள் ஆளுக்கொரு பாத்திரத்தோடு வரிசையில் நின்றார்கள். வக்கீல் ஆத்து மாமிக்கு முழங்கால். பாட்டு வாத்தியார் ஆத்து மாமி வந்தது அவருடைய தொண்டைக்காக. எல்லோருக்கும் ஒரே ஜோசியர், ஒரே கேது. ஸ்டாண்டிலும் அன்றைக்கு ஒரே ஒரு குதிரைதான் இருந்தது. அதுதான் மோத்தி. மெஹபூப் பாஷா என்பவருடைய குதிரை. கிண்டிப் பந்தயத்தில் ஓடிய வம்சம் என்று பாஷா மாமா சொல்கிறார். அதைப் பார்த்தால் தெரியாது, விலா எலும்புதான் தெரியும். அன்று அது ஏழு வீட்டுக் கொள்ளையும் தின்றது.

இரண்டாவது செவ்வாய்க்கிழமையும் தின்றது. ஏழாவதாக என் தூக்கைக் காலி செய்துவிட்டுத் தொட்டியில் தண்ணீர் குடித்தது. சிறிது நேரத்தில் படுத்துவிட்டது. எழுந்தது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, பின்னங்காலால் வயிற்றை உதைத்துக்கொண்டது, மறுபடியும் படுத்தது. அப்பா பாயில் சுருண்டு படுப்பாரே, அதே மாதிரி. மாமிகள் எல்லோரும் போய்விட்டார்கள். எனக்குத்தான் போக முடியவில்லை. பாஷா மாமா அதைக் கயிற்றைப் பிடித்து எழுப்பி, குளத்தைச் சுற்றிச் சுற்றி நடக்க வைத்தார். நானும் பின்னாலேயே நடந்தேன்.

“மாமா, இது செத்துப்போயிடுமா?”

“அந்தப் பேச்செல்லாம் பேசாதே பாப்பா. ஆறு நாளு புல்லுக்கே தாளம் போடுது. செவ்வாக்கெழம ஆனா போதும், மைலாப்பூர் கஷ்டம் பூரா எம் குதிர வயித்துல வந்து எறங்குது!”

“நீங்க வேண்டாம்னு சொல்லப்படாதா?”

“எப்டி சொல்றது? குடுக்கறவங்க கண்ணுல தண்ணி நிக்குது. பாத்துக்கினு வேணாங்க முடியுமா?”

விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தான் மோத்தி சாணம் போட்டது. பாஷா மாமா அல்லாவுக்கு நன்றி சொன்னார். நான் கபாலீஸ்வரருக்குச் சொன்னேன். வீட்டில் தாமதத்துக்கு, குதிரை மெதுவாகத் தின்றது என்று சொன்னேன். அதுதான் முதல் பொய்.

அந்த வியாழக்கிழமை வந்த இதழில்தான் தங்கள் டாக்டர் குதிரைத் தீனியைப் பற்றி எழுதியிருந்தார். பச்சைக் கொள்ளைத் தின்று தண்ணீர் குடித்தால் வயிற்றில் ஊதிவிடும், வேக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும் என்று. கீழே நாயைப் பற்றியும் இருந்தது. வெறும் தயிர்சாதத்தில் வளரும் நாய்க்கு ரோமம் கொட்டும், எலும்பும் மாமிசமும் வேண்டும் என்று. வைரவனுக்கு முதுகில் ரோமமே இல்லை. நான் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அப்பாவுக்குக் குணமாக வேண்டும் என்று ஒரு குதிரைக்கு அதே வலியைக் கொடுக்கிறோம். இதைக் கேது எந்தக் கணக்கில் வைப்பார்? யாரைக் கேட்பது? கேட்டால் அதிகப்பிரசங்கி என்பார்கள்.

ஆகவே யாரையும் கேட்காமல் செய்தேன். மூன்றாவது செவ்வாய்க்கிழமை முன்னதாகவே ஸ்டாண்டுக்குப் போய் நின்றுகொண்டு, “மாமி, எங்காத்துக் கொள்ளோட உங்களுதையும் நானே ஊட்டிடறேன், நீங்க கோவிலுக்குப் போங்கோ” என்றேன். எல்லோரும் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு, சமர்த்து என்று கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்கள். மோத்திக்கு வீட்டுக்கு நாலு மணி வீதம் ஊட்டினேன். பாக்கி எல்லாவற்றையும் பாஷா மாமாவின் மண்ணெண்ணெய்த் தகரத்தில் கொட்டினோம். அதைத் தினமும் கொஞ்சம் எடுத்து அவர் மனைவி ஜஹனாரா வேக வைத்துக் கொடுப்பதாக ஏற்பாடு. வீட்டில் எலி இருப்பதால் தகரம் ஜட்கா ஆசனத்தின் அடியிலேயே இருக்கும். டாக்டர் எழுதியதைச் சுருக்கி ஒரு சீட்டில் எழுதி, சோற்றுப் பருக்கையால் தகரத்தின் மேல் ஒட்டினேன்.

‘மோத்திக்கு: ஒரு வேளைக்கு இரண்டு பிடிதான். வேலையிலிருந்து வந்தவுடன் கொடுக்கக் கூடாது. முதலில் தண்ணீர். பிறகு அரை மணி ஓய்வு. பிறகுதான் தீனி. தின்றவுடன் வேலை கூடாது.’

பாஷா மாமாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வாயால் சொல்லியும் இருந்தேன். ஆனாலும் எழுதி ஒட்டினால்தான் எனக்கு நிம்மதி.

சனிக்கிழமை விஷயம் இதைவிட மோசம். வைரவன் எப்போதும் தெருக்கோடியில் பாஷா மாமா வீட்டு வாசலில்தான் படுத்திருக்கும். எள்ளுத் தயிர்சாதத்தை அது முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஜஹனாரா பார்த்துவிட்டு, “யா அல்லா, நாய்க்கு எள்ளுச் சோறா? அது இன்னா பாவம் பண்ணிச்சு?” என்று உள்ளே போய் ஒரு எலும்பைக் கொண்டுவந்து போட்டாள். நான் எலும்பைத் தொடவில்லை. பார்த்தேன். பார்த்தது பாவமா என்று தங்கள் டாக்டருக்குத் தெரியாது, விட்டுவிடுகிறேன். ஆனால் பாத்திரம் காலியாக வேண்டுமே? அதைப் பாஷா மாமா காலி செய்தார்.

“மாமா! அது சனிக்காகப் போடறது! சனி உங்களைப் பிடிச்சுக்கும்!”

“வரட்டுமே பாப்பா, சவாரிதானே? லஸ் முனைல எறக்கி வுட்டுர்றேன்” என்று விரலை நக்கினார். “ஊறுகா கொண்டாரலியா?”

இப்படியே நாலு வாரம் நடந்தது. மோத்திக்கு விலா எலும்பு மறைந்துவிட்டது. வைரவன் முதுகில் ரோமம் முளைத்திருக்கிறது. வக்கீல் ஆத்து மாமிக்கு முழங்கால் தேவலை, பாட்டு வாத்தியார் தொண்டை அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டை விட்டுப் பார்த்தால் ஆறு வீட்டில் மூன்று பேருக்குக் குணம், மூன்று பேருக்கு இல்லை. மோத்தி எல்லாவற்றையும் தின்ற நாளிலும் இதே கணக்குத்தான் இருந்தது.

அப்பா விஷயம்தான் எனக்கு விளங்கவில்லை. முன்பெல்லாம் டிராமை விட்டு இறங்கி வந்ததும் வராததுமாக இலையில் உட்கார்ந்து மூன்று முறை சாதம் வாங்குவார். இப்போது வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். பிறகு, “ரெண்டு பிடி போறும் காமாக்ஷி” என்கிறார். சாப்பாடு குறைந்துவிட்டதே என்று எனக்குப் பயம். ஆனால் வலியும் குறைந்துவிட்டது. மூன்று வாரமாக அவர் சுருண்டு படுக்கவில்லை. அம்மா தினமும் என்னைக் கேட்கிறாள்:

“ஏண்டி, குதிரை முழுக்கத் தின்னுதோ?”

“தின்னுதும்மா.”

“மிச்சம் வெக்கலையே?”

“ஒரு மணி வெக்கலை.”

அம்மா கண்ணை மூடி நமஸ்காரம் செய்கிறாள். ஒரு வருஷமாக இராத்திரியெல்லாம் அப்பா மூச்சைக் கேட்டுக்கொண்டு விழித்திருந்தவள், இப்போது தூங்குகிறாள். இதோ, சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டைகூடக் கேட்கிறது.

இன்று இரவு அப்பா வெற்றிலை போட்டுக்கொண்டே, “நாளைக்கு நானும் வரேன் வேம்பு. ஆபீசுக்கு லீவு சொல்லியாச்சு. இவ்வளவு உபகாரம் பண்ணின குதிரைக்கு என் கையால ஒரு நாளாவது போடணும்” என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐயா, அப்பா பாத்திரம் காலியாகும் வரை நிற்பார். அவர் நிற்பதைப் பார்த்து மாமிகளும் நிற்பார்கள். மோத்தி ஏழு அரைப்படி தின்றால் இந்தத் தடவை பிழைக்காது. தின்னாவிட்டால், நாலு செவ்வாய்க்கிழமையாக அது சரியாகத் தின்னவில்லை என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும். பலித்தது என்ற நினைப்பில் போன வலி, பலிக்கவில்லை என்று தெரிந்தால் திரும்பி வராதா? அம்மா மறுபடியும் விழித்துக்கொள்ள மாட்டாளா? நான் யாரைக் காப்பாற்றுவது? ஒரே ஒரு நாள் மட்டும் பச்சைக் கொள்ளு ஒரு குதிரை எவ்வளவு தாங்கும் என்று தங்கள் டாக்டரைக் கேட்டு எழுத வேண்டும். தாங்கள் பதில் போடுவதற்குள் மூன்று வாரம் ஆகிவிடும் என்பதும், நாளை செவ்வாய்க்கிழமை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் யாரிடமாவது சொல்லாமல் என்னால் தூங்க முடியவில்லை. கூடத்தில் யாரோ நடக்கிறார்கள். அப்பாதான், தண்ணீர் குடிக்கிறார். முடித்துக்கொள்கிறேன்.

என் பெயரைத் தயவுசெய்து போட வேண்டாம். தங்களுக்கும், தங்கள் டாக்டருக்கும், அச்சுக்கூடத்தில் உள்ள சகலருக்கும், யாராவது வீட்டில் பிராணிகள் வைத்திருந்தால் அவற்றுக்கும் தீர்க்காயுள் உண்டாகட்டும் என்று பிரார்த்திக்கும்,

வே.

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை மாலை. கவரை ஒட்டிவிட்டேன், தபாலில் போடுவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. பிரித்து எழுதுகிறேன்.

அப்பா வந்தார். ஆறு மாமிகளும் நின்றார்கள். அப்பா உள்ளங்கையில் கொள்ளை அள்ளி மோத்தியின் வாயருகே நீட்டினார், ஒரு பிடி, இன்னொரு பிடி. அப்புறம் நேரே ஜட்காவுக்குப் போய், ஆசனத்தின் அடியில் கையை விட்டுத் தகரத்தை இழுத்து, மீதியை அதில் கொட்டினார். தூக்கைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டி, “பாத்திரம் காலி. ஜோசியர் இதைத்தானே சொன்னார்?” என்றார். மாமிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வக்கீல் ஆத்து மாமி முதலில் போய்த் தன் பாத்திரத்தைத் தகரத்தில் கவிழ்த்தாள். பிறகு எல்லோரும் கவிழ்த்தார்கள்.

தகரம் இருக்கும் இடம் அப்பாவுக்கு எப்படித் தெரியும்? நான் பாஷா மாமாவைப் பார்த்தேன். “நான் இன்னா பண்றது பாப்பா? நீயும் சொல்லாதேன்னே, உங்க நைனாவும் சொல்லாதேன்னாரு. வாய வெச்சுக்கினு நான் பட்ட பாடு மோத்திக்குத்தான் தெரியும்!” என்றார்.

மோத்திக்கு ஓய்வு கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது ஜட்காவில் அப்பா சொன்னார். ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை வலி தாங்காமல் இதே ஜட்காவில் ஏறினாராம். படுத்த வாக்கில் ஆசனத்தின் அடியில் என் கையெழுத்தைப் பார்த்தாராம். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். என் சீட்டையேதான் அவர் கையெழுத்தில் வரி பிசகாமல் எழுதியிருந்தார். ‘மோத்திக்கு’ என்று இருந்த இடத்தில் மட்டும் ‘வேதாந்தத்துக்கு’ என்று இருந்தது. முதலில் தண்ணீர். அரை மணி ஓய்வு. இரண்டு பிடி. தின்றவுடன் வேலை கூடாது.

“எட்டு பாட்டில் மிக்ஸ்சர் குடிச்சேன். எப்படிச் சாப்பிடறேன்னு ஒருத்தரும் கேக்கலை. குதிரைக்குக் கேட்டிருந்தே” என்றார். பாக்கி இரண்டு செவ்வாய்க்கிழமையும் நடக்க வேண்டும் என்றும், அம்மாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்றும், அவள் தூங்குவது இந்தக் கொள்ளினால்தான் என்றும் சொன்னார். எலும்பைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆகையால் மேலே கேட்டிருக்கும் எதற்கும் பதில் வேண்டாம். அவ்வளவையும் கிழித்துவிடவும். ஒரே ஒரு விண்ணப்பம் மட்டும். அடுத்த இதழில் பசுமாட்டின் தீனியைப் பற்றி எழுதப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அப்பா இப்போது தலையங்கத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கிறார். எழுதுவதைக் கொஞ்சம் யோசித்து எழுதும்படி தங்கள் டாக்டரிடம் சொல்லவும். புண்ணாக்கு வரைக்கும் போக வேண்டாம்.